படிக்கட்டிலே வந்த விடை

சபையிலே ஒருவர் சொல்லாற் குத்த, மற்றவர் கண்ணிமைக்கும் நேரத்துள் அதனினும் கூரிய விடையொன்றைத் திருப்பித் தருவாராயின், அவரது நாவன்மையை நாம் வியக்கின்றோம். அவ்வியப்பிலே ஒரு வினாவை மறந்துவிடுகின்றோம். விடை சொன்னவருக்குப் பின்னர் நேர்ந்தது யாது?

இவ்வினாவுக்குப் பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸ் நகரமே தக்க சான்று. அங்கே பிரபுக்கள், செல்வர் ஆகியோரின் மாளிகைகளிலே 'சலோன்' எனப்பட்ட விருந்தவைகள் கூடின. அவற்றுட் பலவற்றைச் சீமாட்டிகளே நடாத்தினர். கைவினைஞர் வீட்டிலே பிறந்த எழுத்தாளனும் அங்கு அழைக்கப்பட்டான். சாதுரியமான பேச்சே அவனுடைய நுழைவுச் சீட்டு. உரையாடலில் யாவரும் சமம் என்பது அவ்வவைகளின் எழுதாச் சட்டம். மாளிகை வாயிலுக்கு அப்பால் அச்சட்டம் செல்லுபடியாகவில்லை.

1726ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இதனை வோல்தேர் தம் உடம்பால் அறிந்துகொண்டார். அவர் பத்திரப் பதிவாளர் ஒருவரின் மகன், இயற்பெயர் அறுவே. வோல்தேர் என்பது தாமே சூடிக்கொண்ட பெயர். உயர்குடியினனான றொஹான் என்பவன் பலர் முன்னிலையில், உமது பெயர்தான் என்ன என்று ஏளனமாக வினவினான். தம் பெயர் தம்மோடு தொடங்குகிறது, அவனுடைய பெயரோ அவனோடு முடிகிறது என்னும் கருத்துப்பட வோல்தேர் விடையிறுத்தார். அவ்விடை இன்று பல வடிவங்களில் வழங்குகின்றது, கருத்து ஒன்றே.

றொஹானுக்கு மறுவிடை வாயில் வரவில்லை. அவனுக்கு அது தேவைப்படவுமில்லை. சில நாட்களின் பின் சுல்லிப் பிரபுவின் மாளிகையிலே வோல்தேர் விருந்துண்டிருந்த வேளை, அவரை வெளியே அழைப்பித்து, ஏவலாளரைக் கொண்டு தடிகளால் அடிப்பித்தான். தான் வண்டியிலிருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தான். அடிபட்டவர் உள்ளே ஓடித் தம்மை விருந்துக்கு அழைத்த பிரபுவிடம் முறையிட்டார், பிரபு அசையவில்லை. கவிஞன் அடிபடுவது அவர்களுக்கு ஒரு வேடிக்கை. துவந்த யுத்தத்துக்கு வோல்தேர் ஆயத்தமாகவே, ஏப்ரலில் அரச ஆணையொன்று அவரைப் பஸ்தீல் சிறைக்கு அனுப்பிற்று. மே மாதத்தில் அவர் இங்கிலாந்து சென்றார். அந்நாட்டைப் பற்றி எழுதிய கடிதங்கள் 1734இல் பிரெஞ்சில் வெளிவந்தபோது, பாரிஸ் உயர்மன்றம் அந்நூலை எரிக்கக் கட்டளையிட்டது. றொஹானுக்குரிய உண்மையான விடை அந்நூலே என்பது நம் கருத்து.

விடை வாயில் வராது தவித்தவரும் உளர். தீதரோ கத்தி செய்யும் தொழிலாளியின் மகன். வங்கியாளர் நெக்கரின் வீட்டு விருந்திலே மார்மொந்தேல் தம்மை மடக்கியபோது நாவெழாது நின்றதாகவும், படிக்கட்டின் அடியை அடைந்த பின்னரே அறிவு தெளிந்ததாகவும் அவரே எழுதியுள்ளார். விருந்தறைகள் மேல்மாடியில் இருந்தன. இறங்கி வருபவன் அவையை விட்டு நீங்கியவன். காலங்கடந்து தோன்றும் விடைக்குப் 'படிக்கட்டுச் சாதுரியம்' என்று பிரெஞ்சு மொழி பெயரிட்டுக்கொண்டது இதனாலேயே. தம் மென்மையான உணர்ச்சியே இதற்குக் காரணம் என்பார் தீதரோ. நாம் அதனை முற்றாக ஏற்பதற்கில்லை. ஒருமுறை வன்சேன் கோட்டையிலே சிறையிருந்தவன் சொல்லை நிறுத்துப் பார்ப்பது இயல்பே. எனினும் மார்மொந்தேலும் ஏழைத் தையற்காரர் ஒருவரின் மகனே; ஆதலின் குலப்பிறப்பு ஒன்றையே காரணமாகச் சாதித்தல் மிகையாகும். இச்செய்தியைக் கூறும் நூல் அச்சேறியது 1830இல், தீதரோ இறந்து நாற்பத்தாறு ஆண்டுகளின் பின்.

போமார்ஷே கடிகாரத் தொழிலாளியின் மகன். தாமும் அத்தொழிலே பயின்றவர். அரசவையான் ஒருவன் அவரை இழிவுபடுத்த எண்ணித் தன் கடிகாரத்தைப் பழுது பார்க்குமாறு நீட்டினானாம். கைப்பழக்கம் விட்டுப் போயிற்று என்று எச்சரித்துவிட்டு, வாங்கி நிலத்திலே நழுவவிட்டாராம் போமார்ஷே. இக்கதையை நாம் மிக விரும்புகின்றோம்.

அவருடைய 'பிகாரோவின் திருமணம்' நாடகத்தைப் பதினாறாம் லூயி மன்னன் நெடுங்காலம் தடுத்து வைத்தான். 1784 ஏப்ரல் 27இல் அது பொது மேடை ஏறிற்று. பிறந்ததைத் தவிர எசமான் செய்த அருஞ்செயல் யாது என்று, எசமான் இல்லாத இருளிலே, தனிமொழியாக வேலைக்காரன் பிகாரோ வினவுகிறான். முகத்துக்கு நேரே சொல்ல இயலாத விடையை அரங்கு நிறைந்த மக்கள் கேட்டனர்.

அடுத்த ஆண்டு மார்ச்சில், பத்திரிகையிலே ஒரு கண்டனத்துக்கு மறுமொழி எழுதிய போமார்ஷே, நாடகத்தை மேடையேற்றச் சிங்கங்களையும் புலிகளையும் வெல்ல வேண்டியிருந்தது என்றார். சிங்கம் தானே என்று மன்னன் கொண்டான். நெறிதவறிய இளைஞரை அடைக்கும் சென் லசார் சிறைக்கு, ஐம்பத்துமூன்று வயதுடைய அவரை அனுப்பினான். பாரிஸ் நகைத்தது; பின்னர் முணுமுணுத்தது. சில நாட்களில் விடுதலை கிடைத்தது. அவ்வாண்டு ஆகஸ்டில், அவரது மற்றொரு நாடகம் அரசியின் சொந்த அரங்கிலே ஆடப்பட்டது. அதில் ரொசீன் வேடம் புனைந்தவள் அரசி மரி அந்துவானெத்தே.