கரட்டு ஒலியின் கலைநியாயம்: புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா'

அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 செப்டம்பரில் வெளியிட்ட 'நெப்ராஸ்கா' இசைத்தொகுப்பை, ஒப்பனையற்ற உண்மைக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். மனத்தில் பட்டதை அப்படியே பாடிப் பதிந்ததால் அது உயர்ந்தது என்பர். இக்கருத்தை ஏற்பதற்கில்லை. அதன் கரட்டு ஒலி, மாற்று வடிவங்களோடு ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பாடல்களின் பொருளும் அத்தேர்வில்தான் முழுமை பெறுகிறது.

பதிவு நடந்த முறையை முதலில் நோக்குவோம். நியூ ஜெர்சியின் கோல்ட்ஸ் நெக்கில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டில், 1982 ஜனவரியில் பெரும்பாலான பாடல்கள் பதிவாயின. கருவி, 1979இல் அறிமுகமான டீயாக் போர்ட்டாஸ்டுடியோ. சாதாரண கேசட்டில் நான்கு தடங்களை மட்டுமே அது பதியும். குரலுக்கும் கிதாருக்கும் இரண்டு போக, ஹார்மோனிகா, மாண்டலின், துணைக்குரல் ஆகியவற்றுக்கு இரண்டே தடங்கள் மிஞ்சின. தம் இசைக்குழுவுக்குப் பாட்டைக் கேட்பிக்கவே அவர் இதைப் பதிந்தார்.

ஆனால் நான்கு தடங்களையும் ஒன்றாக்கியபோது எக்கோபிளெக்ஸ் என்னும் எதிரொலிக் கருவியின் வழியே ஒலியைச் செலுத்தினார். சிறிய அறையில் பாடிய குரல், ஆளரவமற்ற பெருவெளியில் ஒலிப்பதாக மாறியது. ஆகவே 'ஒப்பனையற்றது' என்ற பாராட்டு உண்மைக்கே பொருந்தவில்லை. இந்த வெறுமை உருவாக்கப்பட்டது.

மாதிரிப் பதிவு தற்செயலாக இசைத்தட்டானது என்று ஒருவர் வாதிடலாம். தொடக்கத்தைப் பொறுத்தவரை அது சரி. முடிவுக்கு அது பொருந்தாது. நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஒலிப்பதிவுக்கூடத்தில் ஈ ஸ்ட்ரீட் இசைக்குழுவுடன் இப்பாடல்கள் மீண்டும் முயலப்பட்டன. கேசட்டில் இருந்த அழுத்தம் அங்கே கிட்டவில்லை. அதே கேசட்டில் இருந்த 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' பாடலோ குழுவின் வாசிப்பில் வலுப்பெற்று, 1984இல் அதே பெயர்கொண்ட தொகுப்பில் வெளிவந்தது. ஒவ்வொரு பாடலும் எந்த வடிவத்தில் உயிர்க்கிறது என்று சோதிக்கப்பட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கேசட்டின் ஒலியை இசைத்தட்டுக்கு மாற்றுவதும் எளிதாக இருக்கவில்லை. பல முயற்சிகளுக்குப் பின்னரே அது கைகூடியது. கரட்டுத்தன்மையைக் காப்பதற்கும் உழைப்பு தேவைப்பட்டது.

இத்தேர்வின் காரணம் பாடல்களிலேயே உள்ளது. தலைப்புப் பாடல், 1950களின் இறுதியில் பதினொரு பேரைக் கொன்ற சார்லஸ் ஸ்டார்க்வெதரின் குரலில் அமைந்தது. 'ஜானி 99' பாடலின் நாயகன், கார் ஆலை மூடப்பட்டதால் வேலையிழந்து கொலைகாரனானவன். 'ஸ்டேட் ட்ரூப்பர்' பாடலில் இரவு நெடுஞ்சாலையில் தனியே காரோட்டுபவனுக்குத் துணை, மாறாமல் சுழலும் ஒரே கிதார் ஒலி. அதன் இறுதியில் வெடிக்கும் அலறலுக்கு எந்த முன்னறிவிப்பும் இல்லை. சூசைட் என்னும் நியூயார்க் இசை இணையரின் தாக்கம் இதில் தெளிவு. நாட்டார் பாடல் மரபை மட்டும் கொண்டு இத்தொகுப்பை விளக்கிவிட முடியாது. உறவும் ஊரும் கைவிட்ட இம்மனிதர்களுக்குப் பின்னால் முழு இசைக்குழு முழங்கினால், அவர்களிடம் இல்லாத கூட்டுறவை இசை அவர்களுக்கு வழங்கிவிடும். தனிமை, கதையில் சொல்லப்பட்டும் ஒலியில் மறுக்கப்பட்டிருக்கும்.

இன்று கைபேசியிலேயே நான்குக்கு மேற்பட்ட தடங்களில் பதியலாம். ஆதலால் வீட்டில் பதிந்தது என்பது மட்டுமே ஒரு படைப்புக்குத் தகுதி ஆகாது. படைப்பாளி எதைக் கையில் வைத்துக்கொண்டு எதை விலக்கினார், அவ்விலக்கம் பாடலின் பொருளுக்கு எவ்வகையில் துணைசெய்தது என்பதையே திறனாய்வு கேட்க வேண்டும். 'நெப்ராஸ்கா' அக்கேள்விக்கு ஒவ்வொரு பாடலிலும் விடையளிக்கிறது.