கட்டிட விபத்து: பழி யார் மேல்?

சாரத்திலிருந்து ஒருவர் விழுந்து இறந்தால் முதலில் மேஸ்திரியைக் கேட்பார்கள். இல்லையென்றால் "அவன் பார்த்துப் போயிருக்கணும்" என்று செத்தவர் மேலேயே பழி போடுவார்கள். பிரிட்டனில் 1974-ல் வந்த வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் முதலாளிகளுக்குப் பொதுவான கடமைகளை விதித்தது. நல்ல சட்டம்தான். ஆனால் கட்டிடத்தை வரைந்தவர் அதிகம் மாட்டிக்கொள்ளவில்லை.

திருப்பம் 1992-ல் வந்தது. கட்டுமான இடங்களுக்கென்றே ஐரோப்பியச் சமூகம் ஓர் ஆணை பிறப்பித்தது. பாதிக்கு மேற்பட்ட விபத்துகளில் தவறான வடிவமைப்புக்கோ மோசமான திட்டமிடலுக்கோ பங்கு உண்டு என்று அதன் முகவுரையே சொன்னது. அதாவது முதல் செங்கல் வைக்கும் முன்பே ஆபத்து வரைபடத்தில் உட்கார்ந்திருக்கிறது! மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரை வரையும்போதே உயர்த்திவிட்டால், பிற்பாடு அங்கே ஏசி ரிப்பேருக்குப் போகிறவர் இடுப்பில் கயிறு கட்ட வேண்டியதில்லை.

இதை ஒட்டி பிரிட்டன் எழுதிய சி.டி.எம். விதிகள் 1995 மார்ச்சில் அமலுக்கு வந்தன. பணம் போடுபவர், வரைபவர் இருவருக்கும் சட்டப்படி கடமை வந்தது. கூடவே காகிதமும் குவிந்தது (எந்த நாட்டில்தான் குவியாது?). ஒருங்கிணைக்க 'திட்ட மேற்பார்வையாளர்' என்றொரு பதவி. 2007-ல் விதிகளைத் திருத்தியபோது அதற்கு வேறு பெயர் வைத்தார்கள். அந்த விதிகள் இருந்த காலத்தில்தான் லண்டன் ஒலிம்பிக் பூங்கா ஒரு உயிர்ப்பலிகூட இல்லாமல் எழும்பியது. முழுப் புகழையும் விதிக்கே கொடுக்க முடியாதுதான்.

2015-ல் அந்தப் பதவியையே தூக்கிவிட்டு, வரைபவர்களில் ஒருவரையே 'தலைமை வடிவமைப்பாளர்' ஆக்கிப் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள்.