எண்ணின் எல்லை

கணிப்பொறி கணக்கில் பிழை செய்யாது என்பது பலருடைய நம்பிக்கை. ஆயினும், 300 கோடி பைட்டு கொண்ட கோப்பின் அளவைப் பழைய மென்பொருள்கள் சில, −1,29,49,67,296 எனக் காட்டியதுண்டு. உள்ள பொருளின் அளவு பூச்சியத்தினும் குறைவது எங்ஙனம்? அதன் வரலாற்றையே இன்று கூற விழைகிறேன்.

ஐந்து இலக்கம் மட்டும் கொண்ட தூரங்காட்டி, 99,999-க்குப் பின் 00,000 எனத் திரும்பிவிடும். வண்டி பின்னோக்கிச் செல்லவில்லை. கருவியில் இடம் இல்லை. கணிப்பொறியிலும் ஓர் எண்ணுக்கு இத்தனை இடம் என்ற வரையறை உண்டு. அவ்விடங்களில் அமைவன 0, 1 என்னும் இரண்டே இலக்கங்கள். 32 இடங்களில் 4,29,49,67,295 வரை எண்ணலாம். கூட்டல், கழித்தல் குறிக்கு ஓரிடம் விட்டால் எல்லை 2,14,74,83,647 ஆகும். அதனைக் கடந்த தொகை கழித்தல் எண்ணாய்த் தோன்றும்.

முன்னோர் இவ்வெல்லையை அறியாமையால் வகுத்தாரல்லர். 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் அளித்த முதல் வட்டுச் சேமிப்புக் கருவி 50 இலட்சம் எழுத்துகளையே தாங்கியது. 1964-இல் அந்நிறுவனம் 32 இட அமைப்புடைய சிஸ்டம் 360 வரிசையை அறிவித்தபோது, 400 கோடி என்பது எட்டாத் தொலைவு. 1996-இல் டிவிடி வெளிவந்தது. அதன் ஓர் அடுக்கே சுமார் 470 கோடி பைட்டு கொள்ளும். எல்லை உடைந்தது. அவ்வாண்டிலேயே யூனிக்ஸ் நிறுவனத்தார் கூடி, பெருங்கோப்புகளுக்கு 64 இட எண்ணை வகுத்தனர். அது 92 ஆயிரம் கோடி கோடிக்கும் அப்பால் எண்ண வல்லது.

கழித்தல் குறி தோன்றினால் பிழை தானே வெளிப்படும். ஆனால், குறியில்லாத 32 இட எண்ணில் 470 கோடி, 40,50,32,704 எனத் தோன்றும். இது மெய்போல் நிற்கும் பொய். அதனை நம்பியவர், கோப்பு முழுமையாக வரவில்லை எனக் கருதி அழித்துவிடவும் கூடும்.

இத்தகைய பிழை திரையோடு நிற்பதில்லை. 1996 ஜூன் 4-இல் ஏரியன் 5 ஏவுகலம், புறப்பட்டுச் சுமார் 40 நொடிகளில் சிதறியது. ஏரியன் 4-க்கென எழுதிய நிரலை அதில் அப்படியே வைத்திருந்தனர். புதிய கலத்தின் வேகம் தந்த எண், 16 இடங்களில் அடங்கவில்லை.

ஒவ்வொரு தலைமுறையும் தன் தேவைக்கேற்ற மரக்காலைச் செய்கிறது. அடுத்த தலைமுறையின் விளைச்சலை அதே மரக்காலால் அளக்கும் முன், அதன் கொள்ளளவை அறிந்துகொள்வதே அறிவுடைமை என நான் கருதுகிறேன்.