பாற்கடலின் கோபுரங்கள்

கலைச்செல்வம் என்றதும் நம் நினைவுக்கு வருவன கோயில்களும் கோட்டைகளும் அரண்மனைகளுமே. பால் காய்ச்சும் தொழிற்சாலை ஒன்றை அவ்வரிசையில் வைத்து எண்ணுவோர் அரியர். ஆயினும், குஜராத் மாநிலத்து மெஹ்சானா நகரில் அவ்வாறு எண்ணத்தக்க கட்டடம் ஒன்று உண்டு. அதன் பெயர் தூத்சாகர். பாற்கடல் என்பது அச்சொல்லின் பொருள்.

மெஹ்சானா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் 1960ஆம் ஆண்டில் தோன்றியது. எருமை வளர்த்துப் பால் கறக்கும் சிற்றூர்க் குடும்பங்களே அதற்கு உடைமையாளர்கள். அவர்களுக்காக 1970 முதல் 1973 வரையிலான ஆண்டுகளில் எழுந்த இக்கட்டடத்தை வகுத்தவர் அச்யுத் கான்விந்தே (1916-2002). கொங்கணக் கரையில் பிறந்து, பம்பாயில் பயின்று, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் குரோப்பியஸிடம் பாடங்கேட்டவர் அவர். கான்பூர் ஐ.ஐ.டி. வளாகமும் அவர் வகுத்ததே.

தூத்சாகரின் வடிவைத் தீர்மானித்தது பாலே எனலாம். மேல்தளத்தில் ஏற்கப்படும் பால் தன் எடையாலேயே கீழ்த்தளங்களுக்கு இறங்கிப் பதப்படுமாறு அவர் திட்டமிட்டார். ஆகவே கட்டடமும் படிப்படியாக அமைந்தது. கொதிகலமும் நீராவியும் நிறைந்த கூடங்களில் வெப்பம் தேங்கலாகாது. அதனை வெளியேற்றக் கூரைக்கு மேல் உயரமான காற்றுப்போக்கிகளை நிறுத்தினார். தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு அவை கோட்டைக் கொத்தளங்களாகவே தோன்றும். பூச்சும் இல்லை, ஒப்பனையும் இல்லை, வெறும் கான்கிரீட்டே. தொழிலின் தேவையே அங்கு அழகாயிற்று.

இத்தகைய கட்டடங்களின் வாழ்வு உறுதியானதன்று. தில்லிப் பிரகதி மைதானத்தில் ராஜ் ரேவால் வகுத்து 1972இல் திறக்கப்பெற்ற 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்' மண்டபம், 2017 ஏப்ரலில் இடித்துத் தள்ளப்பட்டது. அறுபது ஆண்டு நிரம்பாத கட்டடம் மரபுச் சின்னமாகாது என்பதே அதற்குக் காவல் மறுக்கக் கூறப்பட்ட காரணம்.

தொழிற்சாலைக்கோ மற்றோர் இடரும் உண்டு. இயந்திரம் மாறினால் சுவரும் மாற வேண்டும். தொழில் நின்றால் கட்டடமே சுமையாகிவிடும். கான்கிரீட்டினுள் புதைந்த இரும்பு துருவேறுமுன் பேணுவாரும் வேண்டும். கற்கோயிலைப்போல் அது நூற்றாண்டுகள் காத்திராது. வயது முதிரட்டும் என நாம் வாளாவிருப்பின், முதிர்வதற்கு அதுவே எஞ்சாது.

அகமதாபாத்திலிருந்து தில்லி செல்லும் இருப்புப்பாதையில் மெஹ்சானா ஒரு சந்திப்பு நிலையம். அவ்வழியே செல்லும் நம்மவர் அங்கு இறங்க நேரின், மொதேராவின் சூரியன் கோயிலைக் காணத் தவறார். ஆயிரம் ஆண்டு நின்ற அக்கல்லைக் கண்ட கண்களால் இக்கான்கிரீட்டையும் சற்றே நோக்குவாராக. முன்னது மன்னர் காலத்துக் கலை. பின்னது உழவர் தம் உழைப்பால் எழுப்பிய கலை.