நழுவிய தோளும் திரும்பிய ஆட்டமும்

போடிநாயக்கனூர் வட்டாரத்தில் கபடி ஆடுகிறவர் தோள் நழுவியதை "தோள்பட்டை எறங்கிருச்சு" என்பார். ரெய்டு போனவர் கோட்டைத் தொடக் கையை நீட்டி விழும்போது, பின்னாலிருந்து ஒருவர் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறார். மேலே எழும்பி வெளிப்பக்கம் திரும்பிய கை அப்படியே மாட்டிக்கொள்கிறது. மூட்டின் அமைப்பு சின்னத் தட்டில் பெரிய கொய்யாவை வைத்தது போன்றது. தட்டின் விளிம்பில் ஒட்டியிருக்கும் குருத்தெலும்பு வளையமும் சுற்றியுள்ள சவ்வும்தான் காயை உருளவிடாமல் பிடித்திருக்கின்றன. வளையம் ஒருமுறை கிழிந்தால், அடுத்தமுறை நழுவப் பெரிய அடி வேண்டியதில்லை.

இப்படி மறுபடி மறுபடி நழுவுவதைத் தடுக்க, கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரடீஸ் காலத்தில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அக்குளைச் சுட்டார்கள். தழும்பு இறுகி மூட்டைப் பிடிக்கும் என்பது கணக்கு. லண்டன் மருத்துவர் பிளண்டெல் பாங்கார்ட், முன்விளிம்பு வளையம் பிய்வதே மூல காரணம் என்று 1923இல் எழுதினார். அதைத் தைத்து ஒட்டும் முறையை 1938இல் விரிவாக விளக்கினார். 1948இல் பதிவான புட்டி-பிளாட் முறையோ முன்பக்கத் தசையை இழுத்துச் சுருக்கிவிடும். தோள் மறுபடி நழுவவில்லை. ஆனால் கை வெளிப்பக்கம் திரும்பும் வீச்சும் குறைந்துபோனது. மருத்துவரின் ஏட்டில் வெற்றி, பந்தெறிபவனுக்கு ஆட்டம் முடிந்தது. இந்த வரலாற்றின் முக்கியமான கேள்வி இங்கேதான் பிறக்கிறது என்பது என் கருத்து: திரும்பியது மூட்டா, ஆட்டக்காரரா?

டோக்கியோவில் தக்காகி 1918இல் முழங்காலுக்குள் குழாய் விட்டுப் பார்த்ததில் தொடங்கிய நுண்துளை முறை, நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் தோளுக்கும் வந்தது. எலும்பில் பதிக்கும் சிறு நங்கூரங்களும் சேர்ந்ததால் தசையைச் சுருக்காமலே வளையத்தைத் தைக்க முடிந்தது. அந்த உற்சாகத்துக்குக் கடிவாளம் போட்டது பர்கார்ட், டி பீர் என்ற மருத்துவர்கள் இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு. அவர்கள் பார்த்த 194 தோள்களில், எலும்புத் தேய்வு பெரிதாக இல்லாதவர்களில் 4 சதவீதத்தினருக்கே மறுபடி நழுவியது. தேய்வு இருந்தவர்களிலோ 67 சதவீதத்தினருக்கு. மோதி ஆடும் ஆட்டக்காரர்களை மட்டும் தனியே எடுத்தால், தேய்வுள்ளோரில் அது 89. தேய்ந்த தட்டுக்கு நூல் போதாது, எலும்பே வேண்டும் என்றானது. பிரான்சின் லத்தார்ஜே 1954இலேயே சொல்லியிருந்த, அருகிலுள்ள எலும்புத் துண்டை வெட்டித் தட்டின் முன்விளிம்பில் திருகாணியால் பொருத்தும் முறை மறுபடி மதிப்புப் பெற்றது.

ஆட்டத்துக்குத் திரும்புதலை மூன்று படிகளாகப் பிரித்தது, சுவிட்சர்லாந்தின் பெர்னில் நடந்த மாநாட்டிலிருந்து பிறந்து 2016இல் வெளியான கருத்தொற்றுமை: பயிற்சியில் கலந்துகொள்வது, தன் விளையாட்டுக்கு வருவது, பழைய தரத்தை எட்டுவது. பின்னாளில், மறுபடி அடிபடுமோ என்ற பயத்தை அளக்கவும் தோளுக்கென்று வினாப்பட்டியல் வந்தது. நம் கிரிக்கெட்டிலேயே இந்தப் படிகளின் வேறுபாட்டைக் காணலாம். 2006 மார்ச்சில் தோளில் அறுவை செய்துகொண்ட டெண்டுல்கர், செப்டம்பரில் கோலாலம்பூரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 141 எடுத்தார். விக்கெட் கீப்பர் விருத்திமான் சாஹாவுக்கு 2018 ஆகஸ்டில் தோள் அறுவை. மறுபடி டெஸ்ட் ஆடியது 2019 அக்டோபரில். இடைவெளியில் அவர் இடத்துக்கு வந்த ரிஷப் பந்த் சதங்கள் அடித்துவிட்டார். தோள் ஆறும்வரை அணியில் இடம் காத்திருக்குமா என்ன?

ஏலமலை அடிவாரத்தில் இந்தக் கேள்விக்கு இன்னொரு முகம் உண்டு. மாலையில் ஆடும் தோள்தான் காலையில் ஜீப் ஏறிப் போடிமெட்டு வழியாகத் தோட்டத்துக்குப் போகிறது. ஏலக்காய் செடியின் அடித்தூரில் காய்ப்பதால் பறிப்பவர் குனிந்தே இருப்பார். தோளுக்குப் பெரிய சோதனை இல்லை. மழைக்கு முன் நிழல் மரங்களைக் கவாத்து செய்வது அப்படியல்ல. மரமேறி, ஒரு கையால் கிளையைப் பற்றிக்கொண்டு, மறு கையை உயர்த்திப் பின்னால் ஓங்கி அரிவாள் வீசுகிறார். மருத்துவர் படுக்கையில் கிடத்தி, "இப்படித் தூக்கினால் நழுவும்போல் இருக்கிறதா?" என்று கேட்டுச் சோதிப்பதும் ஏறக்குறைய இதே கோணத்தில்தான். அறுவைக்குப் பின் கை நான்கைந்து வாரம் தூக்குப்பட்டையில். மோதலுள்ள ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஆறு மாதம். அந்த ஆறு மாதத்துக்குச் சம்பள ஆட்டக்காரருக்கு ஒப்பந்தம் உண்டு. கவாத்துக்காரருக்கு அன்றன்றைய கூலிதான். அவர் பெர்னின் முதல் படிக்கு வருவதற்கு முன்பே அரிவாளோடு மரத்தில் இருப்பார்.