தேடுபொறி உகப்பாக்கத் தணிக்கை

தேடுபொறி உகப்பாக்கத் தணிக்கை என்பது ஒரு வலைத்தளத்தின் பக்கங்களைத் தேடுபொறிகள் கண்டடைவதற்கும், படிப்பதற்கும், உரிய தேடலுக்கு விடையாகக் காட்டுவதற்கும் தடையாக உள்ளவற்றை முறையாக ஆராய்ந்து அறியும் பணி ஆகும். தணிக்கையைச் செய்வதைக் காட்டிலும் அது எப்போது தேவைப்படுகிறது என்பதை உணர்வதே கடினமானது. வழங்கி செயலிழந்தால் தளம் திறக்காது; அதை எவரும் உடனே அறிவர். ஆனால் தேடுபொறியின் அட்டவணையிலிருந்து ஒரு தளம் நீங்கிவிட்டால், முகவரியை நேரடியாக உள்ளிடும் உரிமையாளருக்கு அது வழக்கம் போலவே திறக்கும். தேடி வர வேண்டியவர்கள் மட்டும் வருவதில்லை.

பின்னணி

தேடுபொறியின் பணி மூன்று படிகளைக் கொண்டது. தவழி எனப்படும் நிரல் இணைப்புகளைப் பின்பற்றிச் சென்று பக்கங்களைப் பெறுகிறது. பெற்ற பக்கம் பகுத்தாயப்பட்டு அட்டவணையில் சேர்க்கப்படுகிறது. பின்னர் பயனர் ஒன்றைத் தேடும்போது, அட்டவணையில் உள்ள பக்கங்கள் தரவரிசைப்படுத்தப்படுகின்றன. எப்படியில் பழுது உள்ளதோ அதற்கேற்ப அறிகுறியும் வேறுபடும். முதல் இரு படிகளில் ஏற்படும் பழுதுகள் பெரும்பாலும் திட்டவட்டமானவை, கண்டறிந்து நீக்கிவிடலாம். தரவரிசைப் படியில் ஏற்படும் வீழ்ச்சிக்கு உறுதியான ஒற்றைக் காரணம் கூறுவது அரிது.

இவற்றை அறிய உதவும் முதன்மைக் கருவி கூகிள் நிறுவனத்தின் சர்ச் கன்சோல் ஆகும். வெப்மாஸ்டர் டூல்ஸ் என்று வழங்கிய இச்சேவை 2015 ஆம் ஆண்டில் இப்பெயரைப் பெற்றது. இது கடந்த 16 மாதங்களின் தேடல் தரவுகளைக் கட்டணமின்றிக் காட்டுகிறது. மைக்ரோசாப்டின் பிங் தேடுபொறிக்கும் இத்தகைய கருவி உண்டு.

அறிகுறிகள்

மிகவும் தெளிவான அறிகுறி, தளத்தின் பெயரையே தேடினாலும் தளம் வராதிருப்பது ஆகும். இதற்குப் பெரும்பாலும் சிறு கவனக்குறைவே காரணமாக இருக்கும். எந்தப் பகுதிகளுக்குத் தவழிகள் வரலாகாது என்பதை அறிவிக்கும் ரோபாட்ஸ் கோப்பு 1994 இல் மார்ட்டின் கோஸ்டர் முன்மொழிந்த மரபு ஆகும். 2022 இல் அது முறையான இணைய நெறிமுறையாக வெளியிடப்பட்டது. இக்கோப்பின் தடைவரியில் ஒரேயொரு சாய்கோடு மட்டும் இருந்தால் முழுத்தளமும் தவழிகளுக்கு அடைக்கப்பட்டுவிடும். தளத்தை உருவாக்கும் காலத்தில் இவ்வாறு அடைத்து வைப்பது வழக்கம். வெளியிடும் நாளில் அதை நீக்க மறப்பதும் ஏறக்குறைய வழக்கமாகவே உள்ளது. வேர்ட்பிரஸ் மென்பொருளில் தேடுபொறிகளைத் தவிர்க்கக் கோரும் தெரிவு ஒரு சிறு பெட்டியாக உள்ளது. அப்பெட்டியில் இடப்பட்ட குறி எடுக்கப்படாவிட்டாலும் தளம் தேடலில் தோன்றாமல் போகலாம்.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ரோபாட்ஸ் கோப்பு பக்கத்தைப் படிப்பதைத்தான் தடுக்கும்; அட்டவணையில் சேர்வதை அது தடுக்காது. வேறு தளங்கள் அப்பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்திருந்தால், விளக்கம் எதுவும் இன்றி அதன் முகவரி மட்டும் முடிவுகளில் தோன்றக்கூடும். அட்டவணையில் சேர்க்க வேண்டாம் என்னும் குறிப்பு பக்கத்துக்குள்ளேயோ வழங்கியின் மறுமொழியிலோ இடப்படுவது. தவழி உள்ளே வந்தால்தான் அதைப் படிக்க முடியும். ஆகவே இரண்டையும் ஒருசேர இடுவோர், தாம் விரும்பியதற்கு மாறான விளைவைப் பெறுகின்றனர்.

தளத்தில் உள்ள பக்கங்களின் எண்ணிக்கையும் அட்டவணையில் உள்ள பக்கங்களின் எண்ணிக்கையும் பெரிதும் வேறுபடுவது அடுத்த அறிகுறி ஆகும். குறைவாக இருந்தால் பக்கங்கள் எட்டப்படவில்லை அல்லது ஏற்கப்படவில்லை என்று பொருள். மிக அதிகமாக இருந்தால், வரிசைப்படுத்தல், வடிகட்டல் போன்ற வசதிகளால் ஒரே பக்கம் பல முகவரிகளில் பெருகியிருக்கலாம். இத்தகைய படிகளுள் முதன்மையானது எது என்று அறிவிக்கும் குறிச்சொல்லை கூகிள், யாகூ, மைக்ரோசாப்ட் ஆகிய மூன்றும் 2009 இல் ஏற்றுக்கொண்டன.

தளத்துக்குத் தொடர்பற்ற சொற்களுடன் அதன் பக்கங்கள் முடிவுகளில் தோன்றுவது அவசர அறிகுறி ஆகும். ஊடுருவியோர் மருந்து விற்பனைப் பக்கங்களையோ ஜப்பானிய மொழிப் பக்கங்களையோ ஆயிரக்கணக்கில் நுழைத்துவிடுவதுண்டு. தவழிக்கு மட்டும் அவற்றைக் காட்டி, உலாவியில் வருவோருக்கு வழமையான பக்கத்தைக் காட்டுவதால் உரிமையாளருக்கு இது தெரிவதில்லை. இந்நிலையில் முதலில் செய்ய வேண்டியது பாதுகாப்புச் சீரமைப்பு. தணிக்கை அதன் பின்னரே.

பிற காரணங்களிலிருந்து பிரித்தறிதல்

வருகை குறைந்தது என்பதனால் மட்டும் தணிக்கை தேவை என்று ஆகாது. தேர்வு முடிவுகளை வெளியிடும் தளத்தில் முடிவு வந்த மறுவாரம் வருகை சரிவது இயல்பு. முந்தைய மாதத்துடன் ஒப்பிடாமல் முந்தைய ஆண்டின் அதே காலத்துடன் ஒப்பிட்டால் இது விளங்கும். அளவிடும் கருவி மாறியதாலும் எண்ணிக்கை மாறலாம். கூகிளின் பழைய வருகை அளவீட்டுக் கருவி 2023 சூலை 1 அன்று தரவுகளைப் பதிவதை நிறுத்தத் தொடங்கியது. அதற்குப் பதிலாக வந்த கருவி வேறு முறையில் எண்ணுவதால் இரண்டின் எண்களையும் நேரடியாக ஒப்பிட இயலாது.

சர்ச் கன்சோலில் உள்ள இரு அளவுகளைச் சேர்த்துப் பார்ப்பது பயன்தரும். ஒரு பக்கம் முடிவுகளில் காட்டப்பட்ட தடவைகளும் சராசரி இடமும் மாறாமல் சொடுக்குகள் மட்டும் குறைந்தால், தளம் மாறவில்லை. முடிவுப் பக்கம் மாறியிருக்கிறது. 2024 மே மாதம் முதல் அமெரிக்காவிலும் பின்னர் பிற நாடுகளிலும் கூகிள் காட்டத் தொடங்கிய செயற்கை நுண்ணறிவுச் சுருக்கங்கள் இதற்கு ஒரு காரணமாகலாம். இடம் மாறாமல் காட்டப்பட்ட தடவைகள் குறைந்தால், அப்பொருளைத் தேடுவோர் குறைந்திருக்கக்கூடும். இடமே கீழிறங்கியிருந்தால்தான் தணிக்கைக்கு வலுவான காரணம் உண்டு. அதிலும் தளத்தின் ஒரு பகுதி மட்டும் வீழ்ந்திருந்தால் அப்பகுதியின் வார்ப்புருவை முதலில் ஐயுற வேண்டும்.

கூகிள் தன் தரவரிசை முறையை ஆண்டுக்குச் சில முறை பெரிய அளவில் மாற்றுகிறது. தரம் குறைந்த உள்ளடக்கத்தைக் கீழிறக்கிய பாண்டா (2011), செயற்கை இணைப்புகளைக் குறிவைத்த பென்குவின் (2012) ஆகியவை புகழ்பெற்றவை. மாற்றம் முழுமையாக நடைமுறைக்கு வந்த பின் குறைந்தது ஒரு வாரம் பொறுத்திருந்து தரவுகளை ஆராயுமாறு கூகிள் அறிவுறுத்துகிறது. வீழ்ச்சி கண்ட மறுநாளே பக்கங்களைத் திருத்தத் தொடங்குவோர், எதனால் வீழ்ந்தது என்பதை அறியும் வாய்ப்பையும் இழக்கின்றனர்.

தானியங்கிக் கருவிகள் நூற்றுக்கு இத்தனை என வழங்கும் மதிப்பெண்ணும் போதிய காரணமன்று. அக்கருவிகளை விற்போர் தணிக்கையையும் விற்பதுண்டு. முதன்மைச் சொற்களைப் பட்டியலிடும் குறிச்சொல் இல்லை என்று இன்றும் குறை கூறும் அறிக்கைகள் உள்ளன. அக்குறிச்சொல்லை வலைத்தேடலின் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகிள் 2009 இலேயே அறிவித்துவிட்டது.

தண்டனை நடவடிக்கைகள்

விதிமீறலுக்காகத் தேடுபொறி நிறுவனத்தின் ஊழியர்களே ஒரு தளத்தைக் கீழிறக்குவதும் நீக்குவதும் உண்டு. 2006 பெப்ரவரியில் பிஎம்டபிள்யூ நிறுவனத்தின் செருமானியத் தளம் கூகிள் அட்டவணையிலிருந்து நீக்கப்பட்டது. தேடுபொறிக்கென்று சொற்களை நிறைத்த பக்கங்களைக் காட்டி, வருவோரை வேறு பக்கத்துக்குத் திருப்பியதே காரணம். அப்பக்கங்கள் அகற்றப்பட்டதும் தளம் சில நாட்களில் மீண்டது. 2011 பெப்ரவரியில் அமெரிக்காவின் ஜேசி பென்னி நிறுவனத்துக்கு ஆதரவாகப் பல தளங்களில் கட்டண இணைப்புகள் இடப்பட்டிருந்ததை நியூயார்க் டைம்ஸ் வெளிப்படுத்தியதும் அதன் இடங்கள் சரிந்தன. இணைப்புகள் தன் ஒப்புதலின்றி இடப்பட்டவை என்று கூறிய அந்நிறுவனம், அப்பணிக்கு அமர்த்தியிருந்த நிறுவனத்தை விலக்கியது. வெளியார் செய்யும் உகப்பாக்கப் பணிகளையும் தணிக்கைக்கு உட்படுத்த வேண்டியதன் தேவையை இந்நிகழ்வு காட்டுகிறது. இத்தகைய நடவடிக்கை எடுக்கப்பட்டால் சர்ச் கன்சோலில் அறிவிப்பு வரும்.

முன்கூட்டிய தணிக்கை

எந்த அறிகுறியும் தோன்றாத நிலையிலும் தணிக்கை செய்ய வேண்டிய தருணங்கள் உள்ளன. ஆள்களப் பெயரை மாற்றுவது, உள்ளடக்க மேலாண்மை அமைப்பை மாற்றுவது, முகவரி அமைப்பைத் திருத்துவது ஆகியன அவை. பழைய முகவரி ஒவ்வொன்றும் அதற்கு நேரான புதிய முகவரிக்கு நிலையான வழிமாற்றுக் கொண்டிருக்க வேண்டும். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது பயனற்றது. வழிமாற்றுகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்குமாறு கூகிள் கூறுகிறது. மாற்றத்துக்கு முன்னரே முகவரிப் பட்டியல் எடுக்கப்படாவிட்டால், பின்னர் எவை விடுபட்டன என்பதைக் கண்டறிவது கடினம்.

கூகிள் தளங்களின் செல்பேசி வடிவத்தையே அட்டவணைக்கு எடுத்துக்கொள்ளும் முறைக்கு மாறும் பணியை 2023 அக்டோபரில் நிறைவு செய்தது. எனவே கணினித் திரையில் மட்டும் தோன்றி, செல்பேசி வடிவத்தில் விடுபட்ட பகுதிகள் அட்டவணையில் இடம்பெறுவதில்லை.

தமிழ்த் தளங்கள்

தமிழ்த் தளங்களுக்குத் தனியான சில அறிகுறிகள் உள்ளன. ஒருங்குறி பரவுவதற்கு முன் திஸ்கி, தாம், தாப் முதலிய குறியாக்கங்களிலும் அவற்றினும் வேறான தனி எழுத்துருக்களிலும் பக்கங்கள் அமைக்கப்பட்டன. உரிய எழுத்துரு இருந்தால் அவை தமிழாகத் தோன்றும். தேடுபொறிக்கோ பொருளற்ற இலத்தீன் எழுத்துக்களாகவே தெரியும். தமிழ்நாடு அரசு 2010 இல் ஒருங்குறியை ஏற்றது. எனினும் மாற்றப்படாத பழைய பக்கங்களும், தனி எழுத்துருவில் அமைந்த ஆவணக் கோப்புகளும் இன்றும் உள்ளன. பக்கத்திலிருந்து ஒரு வரியைப் படியெடுத்து வெற்று உரைக்கோப்பில் ஒட்டினால் தமிழாக வருகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை ஆகும்.

ஒருங்குறியில் உள்ள பக்கங்களிலும் பிழை மறைந்திருக்கக்கூடும். "ஔ" என்னும் உயிரெழுத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டச்சு செய்தால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கணினிக்கு அவை இரு வேறு சொற்கள். ஔவையார் பற்றிய பக்கம் ஒன்று அவர் பெயரைச் சரியாகத் தட்டச்சு செய்து தேடுவோருக்குக் கிடைக்காமல் போக இதுவே போதும்.