தங்கவயல் காத்த 'தமிழன்'

கோலார்த் தங்கவயலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பொன்னின் நிறையையே கணக்கிடுகின்றனர். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்ததும், 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்ததும் யாவரும் அறிந்தவையே. சுரங்கத்துள் இறங்கிய மக்கள் தம் கூலியில் மிச்சம் பிடித்து எதனை வளர்த்தார்கள் என்பதையே நாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். வடார்க்காடு, சித்தூர், சேலம் ஜில்லாக்களிலிருந்து வந்த அவர்களுட் பெரும்பாலோர் சொந்த ஊரில் தீண்டத்தகாதார் என ஒதுக்கப்பட்டவர்கள். மூங்கில் தட்டிக் குடிசைகளில் வாழ்ந்த அவர்கள் ஒரு பத்திரிகையை வளர்த்தனர்.

அதனைத் தொடங்கியவர் அயோத்திதாசப் பண்டிதர். 1845-இல் பிறந்த அவருடைய இயற்பெயர் காத்தவராயன். தம் ஆசிரியரின் பெயரையே பின்னர்த் தம் பெயராக்கிக்கொண்டார். தொழிலோ சித்த வைத்தியம். வாழ்வோ ஓயாத போர். 1892-இல் சென்னை மகாஜன சபையார் கூட்டிய மகாநாட்டில், விஷ்ணு, சிவன் ஆலயங்களில் தம் மக்கள் புகலாகாதது ஏன் என்று வினவினார். உங்களுக்கென்று மதுரைவீரனும் கருப்பண்ணனும் இருக்கிறார்களே என்று விடை வந்தது. அங்ஙனமாயின் உங்கள் சாமிகள் எமக்கு வேண்டா என்று கூறிவிட்டு, இலவசப் பள்ளிக்கூடமும் தரிசு நிலமும் கேட்டார். இந்த இரண்டாவது கேள்வியிலேதான் பண்டிதரின் கூர்மை விளங்குகிறது என்பது நம் கருத்து. கோயிற்கதவு திறக்கும்வரை காத்திருக்க அவர் விரும்பவில்லை. 1898-இல் கர்னல் ஆல்காட்டின் துணையுடன் இலங்கை சென்று, சுமங்கல நாயகரிடம் பஞ்சசீலம் பெற்று மீண்டார். இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் எழுந்தது. மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப், இரங்கூன், கடல் கடந்த டர்பன் என, தமிழ்த் தொழிலாளர் சென்றவிடமெல்லாம் அதன் கிளைகள் தோன்றின.

அமெரிக்காவில் அடிமைத்தளையினின்று தப்பிய பிரெடரிக் டக்ளஸ் என்னும் கறுப்பின வீரர், 1847-இல் துருவ நட்சத்திரத்தின் பெயரால் ஒரு பத்திரிகை தொடங்கினார். தம் மக்களின் வழக்கைத் தம் மக்களே எடுத்துரைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பண்டிதரின் எண்ணமும் அஃதே. 1907 ஜூன் 19-ஆம் நாள் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழாக வெளிவந்தது. மறு ஆண்டில் வாசகர் விருப்பப்படி விலை பெயரினின்று நீங்கி, 'தமிழன்' என்பதே நிலைத்தது. இதழைத் தாங்கியவர்களுள் வயல்வாசிகள் முன்னணியில் நின்றனர். எழுதப் படிக்க அறிந்த ஒருவர் வாசிக்க ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்பது அக்காலத் தமிழ்ப் பத்திரிகைகளுக்குப் பொதுவான வழக்கம். ஆகவே விற்ற பிரதிகளை எண்ணி அதன் செல்வாக்கை அளத்தல் பொருந்தாது.

1914 மே 5-ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். அவர் மைந்தர் பட்டாபிராமன் சிறிது காலம் நடத்தியபின் இதழ் நின்றது. பத்தாண்டுகளுக்கு மேல் உறங்கிய 'தமிழன்' மீண்டும் விழித்தது சென்னையில் அன்று, 1926-இல், தங்கவயலில். ஆசிரியர் கோ. அப்பாதுரையார். சாம்பியன் ரீஃபில் இயங்கிய சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களையும் அச்சிட்டது. பாறை வெடித்து எந்நாளும் உயிர் போகலாம் என்ற நிலையில் உழைத்தவர்களிடையே இத்தகைய பதிப்புப் பணி நிகழ்ந்தது எளிய செய்தியன்று.

நெடுங்காலம் அறிஞர் உலகம் பண்டிதரை நினையாதிருந்தது. தங்கவயலிலும் திருப்பத்தூரிலும் பௌத்தக் குடும்பங்கள் பழைய இதழ்களைக் காத்துவந்தன. அவற்றின் துணைகொண்டு ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் 1999-இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தன. அடுத்த ஈராண்டிற்குள், 2001 பிப்ரவரி 28-இல், சுரங்கங்கள் மூடப்பட்டன.